அரிவாள் செல் நோய்க்கு மூலிகை மருந்து: கதவருகே நின்று கேட்கப்படும் கேள்விகள்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அறிக்கையை வாங்கி, மடித்துப் பைக்குள் வைத்து, கிளம்புவதுபோல் போய்க் கதவருகே நின்றுகொண்டு கேட்பார்கள்: "ஏதோ ஒரு வேர் இருக்காமே?" பல வருடமாக வாயால் சொன்ன பதில்களை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. நான் மருத்துவர் இல்லை, டெக்னீஷியன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

1. இது ரத்தசோகைதானே? இரும்புச்சத்து டானிக்கும் கீரையும் கொடுத்தால் ஏறிவிடாதா?

ஏறாது. சாதாரண ரத்தசோகையில் ஹீமோகுளோபின் செய்யச் சரக்கு போதவில்லை. இதில் சரக்கு இருக்கிறது, செய்முறையில்தான் ஓர் எழுத்துப்பிழை. ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டும். அங்கே வாலின் வந்து உட்கார்ந்துவிட்டது. இப்படி மாறியதைத்தான் 'ஹீமோகுளோபின் எஸ்' என்கிறோம். ஆக்சிஜனை இறக்கிவிட்டதும் இந்த எஸ் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி நீள நீளமான கம்பிகளாகின்றன. கம்பி உள்ளேயிருந்து முட்ட, வட்டமான சிவப்பணு அரிவாள்போல் வளைகிறது. வளைந்த அணுக்கள் சிறு ரத்தக்குழாயை அடைத்துக்கொள்வதால் வருவதுதான் அந்த உயிர் போகிற வலி. சாதாரணச் சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். இது 10 முதல் 20 நாளுக்குள் உடைந்துவிடுகிறது, அதனால்தான் சோகை.

உடைந்த அணுவின் இரும்பை உடம்பு பெரும்பாலும் திரும்ப எடுத்துக்கொள்ளும். அடிக்கடி ரத்தம் ஏற்றுகிறவர்களுக்கு இரும்பு அளவுக்கு மேலேயே சேர்ந்து ஈரலையும் இதயத்தையும் கெடுக்கும். ஆகவே ஃபெரிட்டின் (உடம்பில் சேர்ந்துள்ள இரும்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்க்காமல் இரும்பு டானிக் கொடுக்காதீர்கள். கீரை சாப்பாட்டோடு இருக்கட்டும், நல்லதுதான். புது அணுக்களை அவசர அவசரமாகச் செய்யும் உடம்புக்கு ஃபோலேட் நிறைய வேண்டும், அதைத்தான் மருத்துவர் ஃபோலிக் அமில மாத்திரையாக எழுதித் தருகிறார்.

2. எனக்கு 'டிரெயிட்' என்று போட்டிருக்கிறது. நானும் மூலிகை எடுக்க வேண்டுமா?

வேண்டாம். இரண்டு ஜீனில் ஒன்று மட்டும் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். டிரெயிட் உள்ளவர்களில் பெரும்பாலோர் எந்தத் தொந்தரவும் இல்லாமல் வாழ்ந்து முடிக்கிறார்கள். கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவரின் ரத்தத்தையும் பாருங்கள், அது முக்கியம். இருவருக்கும் டிரெயிட் இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர 25 சதவீத வாய்ப்பு. எந்தக் கஷாயமும் இந்தக் கணக்கை மாற்றாது.

3. சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்: மூலிகையால் குணமாகுமா, ஆகாதா?

ஆகாது. பிழை இருப்பது ஜீனில். ரத்தம் உற்பத்தியாகும் மஜ்ஜையை மாற்றினால், அல்லது அந்த மஜ்ஜைச் செல்களின் ஜீனிலேயே கை வைத்தால்தான் பிழை போகும். பொருத்தமான ஒருவரிடமிருந்து மஜ்ஜை மாற்றுவது பல வருடமாக நடக்கிறது. 2023 டிசம்பரில் அமெரிக்காவில் இரண்டு ஜீன் சிகிச்சைகளுக்கு அனுமதி கிடைத்தது. எந்த இலைக்கும் வேருக்கும் அந்த வேலை தெரியாது.

ஆனால் "குணமாகாது" என்பதும் "பிரயோசனமே இல்லை" என்பதும் ஒன்றில்லை. இந்த நோய்க்கு மருத்துவர் தினமும் எடுக்கச் சொல்லும் ஹைட்ராக்ஸியூரியா மாத்திரையும் நோயைக் குணமாக்குவதில்லை, வலி வரும் தடவைகளைக் குறைக்கிறது. மூலிகையிடமும் அதே கேள்வியைத்தான் கேட்க வேண்டும்: வலி குறைந்ததா, எத்தனை பேருக்கு, எதோடு ஒப்பிட்டு?

4. "இந்தச் செடியின் சாறு அரிவாள் செல்லை நேராக்கியது" என்று ஆராய்ச்சியே வந்திருக்கிறதே?

வந்திருக்கிறது, ஒன்றிரண்டு இல்லை, ஏராளம். மேற்கு ஆப்பிரிக்காவில் பல் துலக்கும் குச்சியாக மெல்லும் ஃபாகாரா என்னும் மரத்தின் வேர்ச்சாறு வளைந்த அணுக்களை மீட்டது என்று நைஜீரிய ஆய்வாளர்கள் 1971இலேயே எழுதினார்கள். அதற்குப் பிறகு பப்பாளி, முருங்கை, துவரை என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது.

அந்தச் சோதனை எப்படி நடக்கிறது என்று பார்த்தால் விஷயம் புரியும். கண்ணாடித் தகட்டில் நோயாளியின் ஒரு சொட்டு ரத்தம். அதோடு ஆக்சிஜனை உறிஞ்சிவிடும் சோடியம் மெட்டாபைசல்ஃபைட் கரைசல். மேலே மெல்லிய மூடுகண்ணாடி. கொஞ்ச நேரத்தில் உருண்டைகள் ஒவ்வொன்றாக முனை நீண்டு வளைவதை நுண்ணோக்கியில் பார்க்கலாம். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வயிற்றைப் பிசையும். இப்போது செடிச்சாறு கலந்த இன்னொரு தகட்டை வைத்து, நூற்றுக்கு எத்தனை வளைந்தன என்று எண்ணுகிறார்கள். குறைவாக வளைந்தால் "வேலை செய்கிறது".

அந்தத் தகட்டில் குடல் இல்லை, ஈரல் இல்லை, சிறுநீரகம் இல்லை. சாறு நேராக ரத்தத்தில் விழுகிறது, அதுவும் குடித்தால் ரத்தத்துக்கு ஒருபோதும் வந்து சேராத செறிவில். அணுவை உப்ப வைத்தாலும் அது வளையாது, நேராக்கிவிட்டதுபோலத் தெரியும். எனவே இது முதல் வடிகட்டி மட்டுமே. இதோடு நின்றுபோன செடிகளே மிக அதிகம்.

5. அப்படியானால் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்த மூலிகை ஒன்றுகூட இல்லையா?

இருக்கிறது. நன்கு தெரிந்த பெயர் நிப்ரிசான். நைஜீரியாவில் ஒரு பாரம்பரிய வைத்தியர் குடும்பம் கொடுத்துவந்த மருந்தை, தலைநகர் அபுஜாவிலுள்ள அரசு மருந்து ஆராய்ச்சி நிறுவனம் எடுத்து ஆராய்ந்தது. மேற்கு ஆப்பிரிக்க மிளகின் விதை, வேங்கை இனத்தைச் சேர்ந்த ஒரு மரத்தின் தண்டு, கிராம்பு, சோளப் பயிரின் இலை ஆகிய நான்கும் சேர்ந்த கலவை. 82 நோயாளிகளுக்கு, யாருக்கு மருந்து, யாருக்கு வெற்று மாத்திரை என்று கொடுப்பவருக்கும் தெரியாத முறையில் சோதித்து, முடிவை 2001இல் வெளியிட்டார்கள். கடும் வலி வரும் தடவைகள் குறைந்தன. பெரிய பக்கவிளைவு தென்படவில்லை. ஆனால் சோகையின் அளவு மாறவில்லை, மற்ற பெரிய சிக்கல்களும் குறைந்ததாகத் தெரியவில்லை.

இன்னொன்று துவரை விதையை அடிப்படையாகக் கொண்ட சிக்லாவிட். இதுவும் நைஜீரியாவிலிருந்து வந்ததுதான், 100 பேரிடம் சோதிக்கப்பட்டது. வலிக்குக் கொஞ்சம் பயன் இருக்கலாம் என்று தெரிந்தது, ஆனால் ஆதாரம் பலவீனம். உறுதியாகச் சொல்ல முடியாவிட்டாலும் சோகை விஷயத்தில் முடிவு சற்றுப் பாதகமான பக்கம் சாய்ந்திருந்தது. மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு இந்த இரண்டையும் எடைபோட்டு எழுதிய மதிப்பாய்வும் நிப்ரிசான் நம்பிக்கை தருகிறது, ஆனால் இன்னும் பெரிய சோதனை வேண்டும் என்றுதான் சொன்னது. என் கணிப்பும் அதுவே. 82 பேரை வைத்து "கண்டுபிடித்துவிட்டோம்" என்று சொல்ல முடியாது. "சும்மா, பச்சிலை" என்று தள்ளிவிடவும் முடியாது.

6. அவ்வளவு நல்ல மருந்து என்றால் ஏன் எங்கும் கிடைப்பதில்லை? கம்பெனிகள் அமுக்கிவிட்டன, அதானே?

இந்தக் கதை எனக்கும் முதலில் பிடித்திருந்தது. நடந்தது வேறு. ஓர் அமெரிக்க நிறுவனம் உரிமம் வாங்கி, 2006இல் நிக்கோசான் என்ற பெயரில் நைஜீரியச் சந்தைக்கே கொண்டுவந்தது. அரிய நோய்க்கான மருந்து என்னும் தகுதியை அமெரிக்காவும் ஐரோப்பாவும் அதற்கு முன்பே கொடுத்திருந்தன. 2008இல் அந்த நிறுவனம் திவாலாகி, தயாரிப்பு தடைப்பட்டது. யாரும் அமுக்கவில்லை, பணம் தீர்ந்துபோனது. ஏழை நாடுகளில் அதிகம் காணப்படும் நோய்க்கு மருந்து செய்தால் யார் காசு போடுவார்கள் என்று கேட்டால், அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

7. கிராம்பு, மிளகு, சோள இலை... நாங்களே கொதிக்க வைத்துக் குடித்தால் என்ன?

வேண்டாம், அதுவும் சோள இலையை. இளஞ்சோளப் பயிரை மேய்ந்த மாடு அங்கேயே விழுந்து சாகும் என்பது பயிர் செய்கிறவர்களுக்குத் தெரியும். அந்த இளம் இலையிலிருந்து சயனைடு வெளிப்படும். எந்தப் பருவத்து இலை, எவ்வளவு, எப்படிச் சாறு பிரிப்பது என்பதெல்லாம் சேர்ந்ததுதான் அந்த மருந்து. நம் அடுப்பில் கொதிப்பது அதே நான்கு பெயர்கள், அதே மருந்து இல்லை. மிளகும் மரமும்கூட நாம் நினைக்கும் மிளகும் வேங்கையும் அல்ல, இனத்தால் உறவு மட்டும்தான்.

8. பப்பாளி இலை, முருங்கை, துவரை? இதெல்லாம் கெடுதல் ஒன்றும் செய்யாதே?

சாப்பாடாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், யாரும் தடுக்கவில்லை. மருந்தாகச் சொல்லப்படுவதற்கு ஆதாரம் 4ஆம் கேள்வியில் சொன்ன கண்ணாடித் தகடுதான். துவரைக்கு மட்டும் ஒரு படி மேலே, 5ஆம் பதிலில் சொன்ன அளவுக்கு. இலையை அரைத்துக் கெட்டிச் சாறாக எடுப்பது சாப்பாட்டுக் கணக்கில் வராது.

9. எருக்கு வேரில் மருந்து செய்து விற்கிறார்களாமே?

உண்மைதான். மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்க்கினா ஃபாசோவில் ஃபாக்கா என்ற மருந்து இருக்கிறது. முன்பு சொன்ன ஃபாகாராவின் வேர்ப்பட்டையும், எருக்கு வகைச் செடி ஒன்றின் வேர்ப்பட்டையும் சேர்ந்தது. அளவெடுத்துச் செய்த மருந்து அது. எருக்கம்பாலில் இதயத் துடிப்பையே குலைக்கும் நச்சு உண்டு. வேலியோரத்து எருக்கைத் தோண்டி எடுத்து வந்து "இதுதானே அது?" என்று காட்டினார் ஒருவர். சாற்றை ஏற்கெனவே வடிகட்டி ஒரு பாட்டிலில் வைத்திருந்தார். நல்லவேளை, குடிப்பதற்கு முன்பு கேட்க வந்தார்.

10. செடியில் கண்டதை வைத்து இங்கிலீஷ் மருந்து ஏதாவது வந்ததா?

வந்தது, போனது. எனக்கு மிகவும் பிடித்த கதை இதுதான். வெனிலாவுக்கு மணம் தரும் வெனிலின் ஹீமோகுளோபினோடு பிணைந்து, அது ஆக்சிஜனை எளிதில் விடாமல் பிடித்து வைக்கச் செய்யும். ஆக்சிஜன் இருக்கும்வரை கம்பி உருவாகாது (1ஆம் பதில்). பிரச்சினை என்னவென்றால், வெனிலினை விழுங்கினால் வயிற்றிலும் குடலிலுமே சிதைந்துவிடுகிறது. ஆகவே வெனிலின் சேர்ந்த அதே ஆல்டிஹைடு வகை வேதிப்பொருள்களை மாற்றி மாற்றிச் செய்து பார்த்தார்கள். அந்த வழியில் வந்த வோக்ஸெலோட்டார் என்ற மாத்திரைக்கு 2019 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஹீமோகுளோபின் எண்ணிக்கை அழகாக ஏறியது.

2024 செப்டம்பரில் தயாரித்த நிறுவனமே உலகம் முழுவதும் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. மருந்து எடுத்தவர்களிடம் வலித் தாக்குதல்களும் மரணங்களும் கூடுதலாக இருந்ததுபோல் தரவுகள் காட்டின. 1970களில் சோடியம் சயனேட்டும் இப்படித்தான்: சோதனைக் குழாயில் அணுக்கள் வளையாமல் நின்றன, நோயாளிகளுக்கோ நரம்புப் பாதிப்பும் கண்புரையும் வந்தன. இத்தனை கோடி செலவழித்து, ஆயிரம் தடவை அளந்த மாத்திரைக்கே இந்தக் கதி. யாரும் அளக்காத பாட்டிலை நான் ஏன் சந்தேகத்தோடு பார்க்கிறேன் என்று இனி கேட்க மாட்டீர்கள்.

11. மூலிகைதானே, பலிக்காவிட்டாலும் கெடுதல் செய்யாதே?

இந்த நோயில் கெடுதல் செய்ய விஷம்கூட வேண்டாம், பேதி போதும். அணுவுக்குள் எஸ் எவ்வளவு செறிவாக இருக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் கம்பியாகும். 1974இல் அளந்து பார்த்தபோது, அந்தக் கால அவகாசம் செறிவின் ஏறக்குறைய முப்பதாம் அடுக்கில் குறைவது தெரிந்தது. எளிதாகச் சொன்னால், செறிவு 5 சதவீதம் கூடினாலே அவகாசம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகிவிடும். உடம்பில் தண்ணீர் குறைந்தால் அணுவும் வற்றும், செறிவு கூடும். ஆகவே நிலாவரைபோலப் பேதியாக்கும் எதுவும், "உடம்பைச் சுத்தம் செய்யும்", "நீரைப் பிரிக்கும்" என்று தரப்படும் எதுவும் வலியை நேராகக் கூப்பிட்டு வருவதற்குச் சமம். அதுவும் இந்த நோயாளிகளின் சிறுநீரகத்துக்கு நீரைச் சேமிக்கும் திறமை ஏற்கெனவே குறைவு.

சிறுநீரகம் என்றதும் இன்னொன்று: ஆடுதீண்டாப்பாளை, ஈஸ்வரமூலி இனச் செடிகளில் உள்ள அரிஸ்டலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தை அழிக்கும், புற்றுநோயும் வரவழைக்கும். அதிமதுரத்தை நாள்கணக்கில் எடுத்தால் ரத்த அழுத்தம் ஏறும். பக்கவாத ஆபத்து உள்ள நோயில் அது தேவையா? ஜி6பிடி என்னும் நொதிக் குறையும் சேர்ந்து இருந்தால் ஃபாவா மொச்சை போன்றவை சிவப்பணுக்களைக் கொத்தாக உடைக்கும். அந்தப் பரிசோதனையை ஒருமுறை செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

12. ஹைட்ராக்ஸியூரியா கேன்சர் மாத்திரையாமே. அதை நிறுத்திவிட்டு இயற்கைக்கு மாறலாமா?

சில ரத்தப் புற்றுநோய்களுக்கும் கொடுப்பார்கள், ஆமாம். இங்கே அது செய்வது வேறு வேலை: கருவில் இருக்கும்போது நமக்கு இருந்த 'எஃப்' வகை ஹீமோகுளோபினை மறுபடி கூட்டுகிறது. எஃப் கலந்த அணுவில் எஸ் கம்பி சேர்வது கடினம். 1995இல் வெளியான சோதனையில் 299 பெரியவர்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு ஆண்டுக்கு 4.5 என்றிருந்த வலித் தாக்குதல் (நடுமதிப்பு) இதை எடுத்தவர்களுக்கு 2.5. அதன் பிறகு குழந்தைகளிடமும், ஆப்பிரிக்க நாடுகள் நான்கிலும் பார்த்தாகிவிட்டது. எந்த மூலிகையிடமும் இந்த அளவு ஆதாரம் கிடையாது. நிறுத்தினால் சில வாரங்களில் எஃப் இறங்கும், பழைய வலி திரும்பும், கெட்ட பெயர் மூலிகைக்குக்கூட வராது, "நோய் முற்றிவிட்டது" என்பார்கள்.

13. நிறுத்தாமல், இரண்டையும் சேர்த்து?

ஹைட்ராக்ஸியூரியா எடுக்கும்போது ரத்த எண்ணிக்கையை அவ்வப்போது பார்ப்பது, மஜ்ஜை அளவுக்கு மேல் அடங்கிவிடுகிறதா என்று கண்காணிக்கத்தான். அந்த மருந்தின் கணிசமான பகுதி சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது. 11இல் சொன்ன மாதிரிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும் மூலிகை சேர்ந்தால், அதே மாத்திரை அதிக அளவாகிவிடும். எண்ணிக்கை ஏன் விழுந்தது என்று மருத்துவர் தலையைப் பிய்த்துக்கொள்வார், பாட்டில் வீட்டு அலமாரியில் இருக்கும்.

14. தெரிந்த பையனுக்கு வேர்மருந்து கொடுத்து ஆறு மாதமாக வலியே இல்லை. அவர்கள் பொய் சொல்கிறார்களா?

பொய் இல்லை. இந்த வலி தானாகக் கூடும், தானாகக் குறையும். மனிதர்கள் மருந்து தேடி ஓடுவது மிக மோசமான மாதத்தில். அடுத்த மாதம் எதுவும் கொடுக்காவிட்டாலும் பெரும்பாலும் அதைவிடச் சுமாராகத்தான் இருக்கும். வெற்று மாத்திரை வைத்துச் சோதிப்பது இதற்காகத்தான். வலிக் குறிப்பேடு ஒன்று போடுங்கள்: தேதி, எத்தனை மணி நேரம், என்ன மருந்து, காய்ச்சல் உண்டா. ஒரு வருடக் குறிப்பேடு நூறு சாட்சிக்குச் சமம்.

15. சரி, வலியை விடுங்கள். ரிப்போர்ட்டே மாறியிருக்கிறதே! எஸ் 85 இருந்தது 40 ஆகிவிட்டது.

என்னிடம் வரும் கேள்விகளில் இதுதான் கெட்டிக்காரக் கேள்வி. நான் திருப்பிக் கேட்பது ஒன்றே: கடைசியாக ரத்தம் ஏற்றியது எப்போது? பெரும்பாலும் "போன மாதம், ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது" என்று பதில் வரும். ஏற்றிய ரத்தம் வேறொருவருடையது, அதில் எஸ் இல்லை. இரண்டும் கலந்து ஓடும்போது எடுத்தால் எஸ் விழுந்துதான் காட்டும். டிரெயிட் உள்ளவருக்கு எஸ் 35 முதல் 40 சதவீதம் அளவில் இருக்கும். அதனால் "நோயாளியாக இருந்தவர் டிரெயிட் ஆகிவிட்டார்" என்று நம்புகிறார்கள். கடைசியாக ரத்தம் ஏற்றி மூன்று மாதம் கழித்து எடுங்கள், பழைய எண் திரும்பி வந்திருக்கும்.

16. குழந்தைக்கு மூன்று மாதம். பிறந்ததிலிருந்து சாறு ஊற்றுகிறோம், ஒரு தொந்தரவும் இல்லை.

மூன்று மாதத்தில் இருக்கவும் இருக்காது. 12இல் சொன்ன எஃப் இன்னும் குழந்தையின் ரத்தத்தில் நிறைய இருக்கிறது. அது இறங்கி எஸ் ஏறும் ஆறு மாத வாக்கில்தான் நோய் முகம் காட்டும். அந்த வயதில் பெரிய எதிரி நிமோக்காக்கஸ் கிருமி. தினமும் பென்சிலின் கொடுத்தால் அந்தத் தொற்று 84 சதவீதம் குறைகிறது என்று 1986இலேயே நிரூபித்தார்கள். சாற்றை நிறுத்துங்கள், பென்சிலினையும் தடுப்பூசிகளையும் ஒருநாளும் தவற விடாதீர்கள்.

17. கஞ்சா வலிக்கு நல்லதாமே?

அமெரிக்காவில் 23 நோயாளிகளுக்கு ஆவியாக்கிய கஞ்சாவையும் போலியையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள், 2020இல் முடிவு வந்தது. வலியில் உறுதியான வித்தியாசம் தெரியவில்லை. புகைப்பது நுரையீரலைக் கெடுக்கும், இந்த நோயில் நுரையீரல்தான் ஆளைச் சாய்க்கும் இடங்களில் ஒன்று. சட்டச் சிக்கல் தனி.

18. டாக்டரிடம் சொன்னால் திட்டுவாரே?

திட்டலாம். திட்டு வாங்கிக்கொண்டு சொல்லிவிடுங்கள். பெயர் தெரியாவிட்டால் பாட்டிலையோ பொடியையோ கொண்டுபோங்கள். எப்போது தொடங்கியது, ஒரு நாளைக்கு எவ்வளவு என்பது போதும். தொடங்கும் முன்பு ஒரு ரத்த எண்ணிக்கை, ஈரல், சிறுநீரகப் பரிசோதனை, ஒரு மாதம் கழித்து இன்னொன்று என்று கேட்டுப் பாருங்கள். இந்த விஷயத்தில் சண்டை போடுகிற மருத்துவரும் இதை மறுக்க மாட்டார். அறுவைச் சிகிச்சை வருகிறது என்றால் மயக்க மருந்து கொடுப்பவரிடமும் சொல்ல வேண்டும்.

19. இப்போதே வலி வந்திருக்கிறது. கஷாயம் கொடுத்து, கேட்கவில்லை என்றால் காலையில் கூட்டிப் போகலாமா?

வழக்கமான வலி, காய்ச்சல் இல்லை என்றால் தண்ணீர், கதகதப்பு, மருத்துவர் எழுதிய வலி மாத்திரை. அடங்காவிட்டால் ஆஸ்பத்திரி. இவற்றோடு கஷாயத்துக்கு வேலை இல்லை.

கீழே சொல்லும் எதற்கும் காலைவரை காத்திருக்கக் கூடாது: 38.5 டிகிரி செல்சியஸுக்கு (101.3 ஃபாரன்ஹீட்) மேல் காய்ச்சல். நெஞ்சு வலி, மூச்சு வாங்கல். முகம் கோணல், பேச்சு குளறல், ஒரு பக்கம் கைகால் தளர்வு. குழந்தை திடீரென வெளிறி, இடது விலாவுக்குக் கீழே வயிறு கெட்டியாக வீங்குவது. ஆண்பிள்ளைக்கு அடங்காமல் நீடிக்கும் ஆணுறுப்பு விறைப்பு: வெட்கப்பட்டு மறைப்பார்கள், நீங்களே கேளுங்கள், நான்கு மணி நேரத்தைத் தாண்டவிடாதீர்கள். கிளம்பும்போது கடைசி அறிக்கை, ரத்த வகை, தினமும் எடுக்கும் மாத்திரைகள் மூன்றையும் ஒரே உறையில் போட்டுக்கொள்ளுங்கள். அலமாரியில் பாட்டில் இருந்தால் அதையும்.